ஷீல்டு யாருக்கு? ரோபோ அணிகளில் மாணவத் தலைவர்களைக் கௌரவித்த வரலாறு

போன வருஷம் எங்கள் டிபார்ட்மென்ட் நடத்திய காமர்ஸ் விழாவில் எனக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். 'சிறந்த மாணவ ஒருங்கிணைப்பாளர்' என்று தங்க எழுத்தில் போட்டு, கீழே என் பெயர். அதை வாங்கும்போது எடுத்த போட்டோவில் நான் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் நண்பர்களே, அந்த ஷீல்டு எனக்கு வந்திருக்கக் கூடாது.

மேடையில் மைக் பிடித்தது நான். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தச் சொல்லி அறிவித்தது நான். ஆனால் மூன்று வாரம் கடை கடையாக ஏறி ஸ்பான்சர் பிடித்தது என் நண்பன். சாப்பாட்டு டோக்கனை எண்ணிக் கொடுத்தவன் அவன். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளை பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வந்தவன் அவன். எல்லாரும் போன பிறகு ராத்திரி பத்து மணிக்கு வவுச்சர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கணக்கு முடித்தவனும் அவன்தான். விழா மேடையில் அவன் பெயரை யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் நான் தயங்கித் தயங்கி விஷயத்தை எடுத்தபோது, "விடு மச்சி, கணக்கு டேலி ஆயிடுச்சு, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கணக்கு டேலி ஆனது. எனக்குள்தான் ஆகவில்லை.

பத்து முப்பது பேர் சேர்ந்து செய்கிற வேலையில், இவர்தான் தலைவர் என்று ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியோடு இணையத்தில் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ரோபோ போட்டிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இன்ஜினியரிங் பிள்ளைகள் சமாச்சாரத்தில் பி.காம் படிக்கிற ஆளுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவர்கள் இதே கேள்வியோடு கிட்டத்தட்ட இருபது வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

பெயரிலேயே இருக்கிறது

1989-ல் டீன் கேமன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதன் பெயர் ஃபர்ஸ்ட். 'முதல்' என்று அர்த்தம் வருகிற மாதிரி வைத்திருந்தாலும், அது ஐந்து எழுத்துகளின் சுருக்கம். விரித்தால், அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் ஊக்கமும் அங்கீகாரமும் தருவது என்று பொருள் வரும். கவனியுங்கள், ரோபோ என்ற சொல்லே அந்தப் பெயரில் கிடையாது. அங்கீகாரம் என்ற சொல் இருக்கிறது.

கேமன் சாதாரண ஆள் இல்லை. சர்க்கரை நோயாளிகள் உடலோடு வைத்துக்கொள்ளும் இன்சுலின் பம்ப், படி ஏறும் சக்கர நாற்காலி, 2001-ல் வெளிவந்த இரண்டு சக்கர செக்வே வண்டி எல்லாம் அவருடைய பட்டறையில் வந்தவை. இத்தனைக்கும் கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். அவருக்கு ஒரு ஆதங்கம் இருந்தது. நாட்டுப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து வீரர்கள், சினிமா நட்சத்திரங்கள் பெயரெல்லாம் தலைகீழ்ப் பாடம். உயிரோடு இருக்கிற ஒரு விஞ்ஞானி பெயரைக் கேட்டால் முழிக்கிறார்கள். ஒரு சமூகம் எதைக் கொண்டாடுகிறதோ அதுதான் அங்கே வளரும் என்பது அவர் கட்சி. அதனால் விளையாட்டு கொண்டாடப்படுகிற அதே முறையை அப்படியே எடுத்துக்கொண்டார். கேலரி, கைதட்டல், கொடி, சின்னம் போட்ட பனியன், வர்ணனையாளர், கோப்பை எல்லாம் உண்டு. நடுவில் பந்துக்குப் பதில் ரோபோ!

போட்டியின் வடிவத்துக்கு உதவியவர் எம்.ஐ.டி.யில் இயந்திரவியல் பேராசிரியராக இருந்த வுடி ஃப்ளவர்ஸ். 1970-களிலிருந்து அவர் அங்கே நடத்திய வடிவமைப்பு வகுப்பு ரொம்பப் பிரபலம். எல்லா மாணவர்களுக்கும் ஒரே மாதிரி ஒரு பெட்டி நிறைய சாமான்கள் கொடுப்பார். அதை வைத்து ஆளுக்கொரு இயந்திரம் செய்து, கடைசியில் ஒன்றோடு ஒன்று மோதவிட வேண்டும். பரீட்சை ஹாலாக இருக்க வேண்டிய இடம் திருவிழாவாகிவிடும். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டு போனால் என்ன என்பதுதான் யோசனை.

முதல் போட்டி 1992-ல் மான்செஸ்டரில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. வந்தவை 28 அணிகள். ஆட்டத்தின் பெயர் 'மெய்ஸ் க்ரேஸ்'. களம் முழுக்க மக்காச்சோள மணிகளைக் கொட்டிவிட்டார்கள். அதில் சக்கரம் சறுக்கச் சறுக்க ரோபோக்கள் டென்னிஸ் பந்துகளைப் பொறுக்க வேண்டும். இன்று வீடியோவில் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்த 28 பிற்காலத்தில் 3,000-ஐத் தாண்டியது. பல நாடுகளிலிருந்து அணிகள் வர ஆரம்பித்தன.

ஒரு அணிக்குள் என்ன நடக்கிறது?

தலைவர் யார் என்ற கேள்விக்குப் போவதற்கு முன் அணி எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். ஜனவரியில் அந்த வருஷத்து ஆட்டம் என்ன என்று எல்லா நாட்டு அணிகளுக்கும் ஒரே நாளில் அறிவிப்பார்கள். அதுவரை யாருக்கும் தெரியாது. அதன் பிறகு ஆறு வாரம். அதற்குள் சுமார் 54 கிலோ எடையுள்ள ரோபோவை யோசித்து, வரைந்து, அறுத்து, பற்றவைத்து, மென்பொருள் எழுதி ஓட வைக்க வேண்டும். 2019 வரை ஆறு வாரம் முடிந்ததும் ரோபோவைக் கட்டிப் பூட்டி வைத்துவிட வேண்டும், போட்டி நாள் வரை தொடக் கூடாது என்றே விதி இருந்தது. 2020-லிருந்துதான் அதை எடுத்தார்கள்.

களத்தில் ஒரு ஆட்டம் சுமார் இரண்டரை நிமிஷம்தான். ரோபோவை ஓட்டுகிறவர், கையை இயக்குகிறவர் என்று நாலைந்து பேர்தான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்பார்கள். கேமரா அவர்களைத்தான் காட்டும். ஆனால் ஒரு அணியில் இருபது, முப்பது, சில சமயம் அதற்கு மேலும் பிள்ளைகள் இருப்பார்கள். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

கொஞ்சம் பேர் ஆட்டத்துக்கு ஆட்டம் ரோபோவின் உடைந்த பாகத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் பேர் கேலரியில் உட்கார்ந்து மற்ற எல்லா அணிகளின் ரோபோவையும் பார்த்துக் குறிப்பு எடுப்பார்கள். எது எத்தனை பந்து போட்டது, எது எத்தனை முறை நின்றுபோனது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் பாதுகாப்பைக் கவனிப்பார். அப்புறம் நம்ம ஆட்கள் உண்டு! ஒரு சீசனுக்குப் பதிவுக் கட்டணமே 5,000 டாலருக்கு மேல். பயணம், தங்குமிடம், சாமான் செலவு தனி. இதற்கெல்லாம் திட்டம் போட்டு, கம்பெனி கம்பெனியாகக் கடிதம் எழுதி ஸ்பான்சர் பிடித்து, பற்று வரவு பார்க்கும் பிள்ளைகள் ஒவ்வொரு அணியிலும் இருப்பார்கள். இதைப் படித்தபோது என் நண்பன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

1999-ல் ஒரு முக்கியமான மாற்றம் வந்தது. அணிகள் தனித்தனியாக மோதாமல் கூட்டணி சேர்ந்து ஆட வேண்டும் என்று விதி போட்டார்கள். ஒரு ஆட்டத்தில் எதிரியாக நிற்கிறவர் அடுத்த ஆட்டத்தில் உங்கள் பக்கம். இறுதிச் சுற்றுக்கு முன்னால் முன்னணியில் இருக்கிற அணிகளின் பிரதிநிதிகள் களத்தின் நடுவே வந்து, மைக்கில், எல்லாரும் பார்க்க, தங்கள் கூட்டாளிகளை அழைக்க வேண்டும். அப்படி வந்து நிற்பவர் மாணவராகத்தான் இருக்க வேண்டும், பெரியவர்களுக்கு அனுமதி இல்லை. அழைப்பை மறுக்கலாம். ஆனால் மறுத்த அணியை அதன் பிறகு வேறு யாரும் அழைக்க முடியாது. பதினாறு பதினேழு வயதில் ஆயிரம் பேர் முன்னால் அந்த முடிவை எடுப்பது லேசுப்பட்ட காரியமா?

ஆனால் இங்கேயும் பாருங்கள், மைக் பிடிக்கிறவர் கையில் இருக்கும் பட்டியல் கேலரியில் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் தயாரித்தது. மேடையில் ஒருவர், பின்னால் பத்துப் பேர். தலைவர் என்று யாரைச் சொல்வது?

முதலில் அணிக்கு, பிறகு ஆசிரியருக்கு

ஃபர்ஸ்ட் அமைப்பு இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முயலவில்லை. அது எடுத்த பாதை வேறு.

ஆரம்பத்தில் அணிக்குத்தான் கௌரவம். அதிலும் களத்தில் ஜெயித்த அணிக்குக் கிடைப்பது அங்கே மிக உயர்ந்த பரிசு இல்லை. 'சேர்மன் விருது' என்று ஒன்று வைத்தார்கள். தன் பள்ளியிலும் ஊரிலும் அறிவியலின் மேல் ஆர்வத்தைப் பரப்பி, மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கும் அணிக்கு அது. ரோபோ தோற்றிருந்தாலும் பரவாயில்லை. அணி தன் வேலையை எழுத்தில் கொடுக்க வேண்டும், மாணவர்களே நடுவர்கள் முன் நின்று பேச வேண்டும். 2023 சீசனிலிருந்து இதன் பெயர் 'இம்பாக்ட் விருது' என்று மாறியது. ஆனால் உச்ச விருது என்ற இடம் மாறவில்லை.

அடுத்ததாக 1996-ல் 'வுடி ஃப்ளவர்ஸ் விருது' வந்தது. இது அணிக்கு வழிகாட்டும் பெரியவர்களுக்கு, அதாவது ஆசிரியர்கள், இன்ஜினியர்கள், பெற்றோர்களுக்கு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வழிகாட்டியின் பெயரைப் பரிந்துரைத்துக் கட்டுரை எழுத வேண்டியது மாணவர்கள். மேலதிகாரியோ, கமிட்டியோ இல்லை. யாருக்குச் சொல்லிக் கொடுத்தாரோ அவர்களே எழுத வேண்டும். மெமோ வாங்கியே பழகிய நம் ஊர் ஆசிரியர்களை நினைத்துப் பார்த்தேன். ஒருவருக்காவது நாம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறோமா?

ஃப்ளவர்ஸ் 2019 அக்டோபரில் காலமானார். போட்டியில் கடுமையாக மோதினாலும் எதிராளியிடம் பண்போடு நடக்க வேண்டும் என்பதற்கு அவர் ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் ஒரு பெயர் வைத்தார். பண்புள்ள தொழில்நேர்மை என்று தமிழில் சொல்லலாம். எதிர் அணியின் மோட்டார் புகைந்து போனால் தன் பெட்டியிலிருந்து உபரி மோட்டாரை எடுத்துக் கொடுப்பது அங்கே சாதாரணமாக நடக்கிற விஷயம்.

ஆக, அணிக்கு விருது இருந்தது, ஆசிரியருக்கும் இருந்தது. தனி மாணவருக்கு? 1992-லிருந்து பதினெட்டு வருஷம் அப்படி ஒன்று இல்லை. ஒரு வகையில் அது சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டு முயற்சியைக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் ஒருவரை மட்டும் தூக்கி நிறுத்தினால் மற்ற இருபத்தொன்பது பேர் என்ன நினைப்பார்கள்? இதை ஒரு நிஜமான அணியை வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

ஃபீனிக்ஸ் நகரத்து நால்வர்

அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரில் கார்ல் ஹேடன் என்ற அரசுப் பள்ளி இருக்கிறது. ஏழைகள் அதிகம் வாழும் பகுதி, பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். அங்கே ஃப்ரெடி லஜ்வார்டி, ஆலன் கேமரான் என்ற இரண்டு ஆசிரியர்கள் ஒரு ரோபோ அணியை வளர்த்தார்கள். 2004-ல் அவர்கள் நீருக்கடியில் ஓடும் ரோபோக்களுக்கான ஒரு போட்டிக்கும் போனார்கள். மேட் என்ற அமைப்பு கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் நடத்திய போட்டி அது. பள்ளிகளுக்கான எளிய பிரிவு இருந்தும், கல்லூரிகள் மோதும் கடினமான பிரிவிலேயே பெயர் கொடுத்தார்கள். தோற்றாலும் கல்லூரிகளிடம்தானே தோற்போம் என்று கணக்கு!

அணியில் நான்கு மாணவர்கள். கிறிஸ்டியன் அர்செகா படிப்பில் சூரர், கணினி மாதிரி யோசிப்பவர். லொரென்சோ சான்டியான் வண்டி பிரிக்கப் பழகியவர், யாருக்கும் தோன்றாத குறுக்கு யோசனை அவருக்குத் தோன்றும். லூயிஸ் அரண்டா ஆறடி ஆள், அதிகம் பேசமாட்டார், ரோபோவின் கயிற்றைப் பிடித்து நீரில் இறக்குவது அவர் வேலை. ஆஸ்கர் வாஸ்கெஸ் பள்ளியின் ராணுவப் பயிற்சிப் படையில் (நம்ம என்.சி.சி. மாதிரி) பேர் எடுத்தவர். இவர்களை ஒன்றாகக் கட்டி இழுத்துப் போனவர் அவர்தான்.

சுமார் 800 டாலர் செலவில், பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டி ரோபோவைச் செய்தார்கள். ஒட்டிய பசை நாறியதால் அதற்கு 'ஸ்டிங்கி' என்று பெயர், நாத்தம் புடிச்சவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் எம்.ஐ.டி. அணி, எக்ஸான்மொபில் கம்பெனியின் பண உதவியோடு வந்திருந்தது. போட்டி நடந்த இடத்தில் ஸ்டிங்கியின் மின் பாகங்கள் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. ஈரத்தை உறிஞ்சச் சிறிதாக ஏதாவது வேண்டும். லொரென்சோ கடைக்குப் போய்ப் பெண்கள் மாதவிலக்குக்குப் பயன்படுத்தும் டாம்பான் வாங்கி வந்தார். வேலை முடிந்தது.

பரிசளிப்பில் முதலில் அவர்களுக்கு நடுவர்களின் சிறப்புப் பரிசு ஒன்றை அறிவித்தார்கள். சரி, ஏழைப் பிள்ளைகள் என்று ஆறுதலுக்குக் கொடுக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். பிறகு வடிவமைப்புக்கான பரிசு வந்தது. தொழில்நுட்ப அறிக்கைக்கான பரிசும் வந்தது. கடைசியில் ஒட்டுமொத்த முதலிடம் கார்ல் ஹேடன், இரண்டாமிடம் எம்.ஐ.டி.! ஜோஷுவா டேவிஸ் என்ற பத்திரிகையாளர் 2005-ல் வயர்ட் இதழில் இதை எழுதினார். 2015-ல் சினிமாவும் வந்தது.

இந்த நால்வரில் தலைவர் யார் என்று நீங்கள் சொல்லுங்கள். ஒழுங்குபடுத்திய ஆஸ்கரா? மூளையாக இருந்த கிறிஸ்டியனா? கடைசி நேரத்தில் காப்பாற்றிய லொரென்சோவா? ஒரு வார்த்தை பேசாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற லூயிஸா? நான் பல நாள் யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. 2008-ல் இதே பள்ளியின் அணி ஃபர்ஸ்ட் போட்டியில் அந்த உச்ச சேர்மன் விருதை வாங்கியது. அணிக்கு விருது என்ற ஏற்பாடு எத்தனை பொருத்தம் என்று அப்போது தோன்றியது.

ஆனால் கதையின் அடுத்த பாதி அந்த எண்ணத்தைக் குழப்பிவிட்டது. நால்வரும் சிறு வயதில் முறையான ஆவணங்கள் இல்லாமல் மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கோப்பை அணிக்கு வந்தது, ஆனால் வாழ்க்கை ஆளுக்கொன்றாகத்தானே நடக்கிறது? ஆவணமில்லாத மாணவர்கள் அதிகக் கட்டணம் கட்ட வேண்டும் என்று 2006-ல் அரிசோனாவில் சட்டம் வந்ததும் கிறிஸ்டியன் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டார். லொரென்சோவும் லூயிஸும் சமையல் தொழிலுக்குப் போனார்கள். ராணுவத்தில் சேர ஆசைப்பட்ட ஆஸ்கரைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள்.

ஆஸ்கர் விடாமல் படித்து 2009-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பட்டம் வாங்கினார். அந்தப் பட்டமளிப்பு விழாவில் பேசியவர் அப்போதைய அதிபர் ஒபாமா. இதில் ஒரு வேடிக்கை. வழக்கமாகச் சிறப்பு விருந்தினருக்குக் கொடுக்கும் கௌரவப் பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் ஒபாமாவுக்குக் கொடுக்கவில்லை. அவருடைய சாதனைகள் இனிமேல்தான் வர வேண்டும் என்று காரணம் சொன்னார்கள்! நாட்டின் அதிபருக்கே ஷீல்டு கிடைக்காத மேடை அது.

பட்டம் வாங்கிய ஆஸ்கர் முறைப்படி வருவோம் என்று தானாகவே மெக்சிகோ திரும்பி விண்ணப்பித்தார். பத்து வருஷம் உள்ளே வரக் கூடாது என்று பதில் வந்தது. செனட்டர் டிக் டர்பின் அவருடைய கதையை செனட் சபையில் எடுத்துச் சொன்னார். 2010-ல் தடை விலக்கப்பட்டது. திரும்பி வந்த ஆஸ்கர் ராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பணியாற்றினார்.

இதில் நான் கவனித்தது ஒன்றுதான். அணியின் கோப்பையால் ஆஸ்கருக்குக் கதவு திறக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி, அவர் செய்ததை விவரமாக எடுத்துச் சொல்ல ஒருவர் எழுந்த பிறகுதான் திறந்தது.

2010: பட்டியலில் பெயர்

அதே 2010-ல்தான் ஃபர்ஸ்ட் அமைப்பு முதல்முறையாகத் தனி மாணவர்களுக்கான விருதைக் கொண்டு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஒரே வருஷம் என்பது தற்செயல். அப்போது விருதுக்கு வைத்த பெயர் 'டீன்ஸ் லிஸ்ட்'. அமெரிக்கக் கல்லூரிகளில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களின் பட்டியலை அப்படிச் சொல்வார்கள். கேமனின் முதல் பெயரும் டீன் என்பதால் இது சிலேடை.

அதன் விதிகளைப் படித்தபோதுதான் அந்தப் பதினெட்டு வருஷ யோசனை வீணாகவில்லை என்று தெரிந்தது.

ஒன்று, மாணவர் தானே விண்ணப்பிக்க முடியாது. வழிகாட்டி ஒருவர் அவரைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். வுடி ஃப்ளவர்ஸ் விருதில் மாணவர்கள் பெரியவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். இங்கே பெரியவர்கள் மாணவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். யாரும் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வதில்லை.

இரண்டு, ஒரு அணியிலிருந்து ஒருவர் இல்லை, இருவர் வரை பரிந்துரைக்கலாம். தலைமை என்பது ஒரே மாதிரி இருக்காது என்று ஒப்புக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது.

மூன்று, பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு மட்டும். பன்னிரண்டாம் வகுப்புக்குக் கிடையாது. பிரியாவிடைப் பரிசாகக் கொடுத்து அனுப்பாமல், இன்னும் அணியில் இருக்கப் போகிறவருக்குக் கொடுக்கிறார்கள். வாங்கியவர் மறு வருஷமும் வந்து வேலை செய்ய வேண்டும்!

நான்கு, எதைப் பார்த்துக் கொடுப்பது என்பது. தொழில்நுட்பத் திறமை அதில் ஒரு பகுதிதான். அணிக்கு அவர் தந்த பங்களிப்பு, மற்றவர்களை ஊக்கப்படுத்தி அழைத்துச் செல்லும் குணம், புதிதாக முயலும் துணிவு, அமைப்பின் நோக்கத்தை வெளியே கொண்டு செல்வது எல்லாம் கணக்கில் வரும். ஆக, ரோபோவை ஓட்டியவரும் வரலாம், கணக்கு எழுதியவரும் வரலாம்.

பரிந்துரைக்கப்பட்டவர்களிலிருந்து வட்டார அளவில் சிலரைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் உலகப் போட்டியில் பத்துப் பேரை அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான அணிகளில் பத்தே பேர். ஆனால் முதல் கௌரவம் அந்த மேடையில் இல்லை என்பது என் எண்ணம். தன் பள்ளிப் பட்டறையில், தன்னைத் தினமும் பார்த்த ஒரு பெரியவர் உட்கார்ந்து, இந்தப் பிள்ளை இன்னின்ன நாளில் இன்னின்னது செய்தது என்று யோசித்து எழுதுகிறாரே, அங்கேயே அது கிடைத்துவிடுகிறது.

குறை இல்லையா? இருக்கிறது. நன்றாக எழுதத் தெரிந்த வழிகாட்டி உள்ள அணிக்கு இது சாதகம். வசதியான பள்ளிகளில் வழிகாட்டிகள் நிறையப் பேர் இருப்பார்கள், கட்டுரையைத் திருத்தவும் ஆள் இருக்கும். ஒரே ஆசிரியர் தனியாக இழுத்துக்கொண்டிருக்கும் அணியில் அவருக்கு எழுத நேரம் எங்கே? கல்லூரி விண்ணப்பத்தில் போட உதவும் என்பதால் இதற்காகவே வேலை செய்கிறவர்களும் வரலாம். முப்பது பேரில் இருவர் என்றால் இருபத்தெட்டுப் பேருக்கு மனத்தாங்கல் இருக்கத்தான் செய்யும். கார்ல் ஹேடன் நால்வரில் இருவரை எடு என்றால் எந்த இருவரை எடுப்பது? இதற்கு எந்த விதியாலும் பதில் சொல்ல முடியாது.

ஆனாலும் ஒன்று மட்டும் அவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ஷீல்டுக்கு முன்னால் ஒரு எழுத்து இருக்க வேண்டும். என்ன செய்தார் என்று எழுத முடியாவிட்டால் கொடுக்கக் கூடாது. எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், வவுச்சர் இல்லாமல் பணம் பட்டுவாடா செய்யக் கூடாது!

என் வவுச்சர்

இந்த வருஷம் நான் கடைசி வருஷம். விழாக் கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்டேன். ஷீல்டு யாருக்கு என்றாலும் அவரோடு வேலை செய்த மூன்று பேர் ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும். அதை மேடையில் படிக்க வேண்டும். சார் யோசிக்கிறேன் என்றிருக்கிறார். பார்க்கலாம்.

போன மாதம் அந்த ஷீல்டை எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல உன் பேர்தானே மச்சி போட்டிருக்கு, நான் வெச்சு என்ன பண்றது?" என்று சிரித்தான். நியாயம்தான். தங்க எழுத்தை அழிக்க முடியாது. அவங்க அம்மா காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு ஷீல்டோடு திரும்பி வந்தேன்.

அதனால் நான் எழுதியிருக்க வேண்டிய அரைப் பக்கத்தை இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான், எங்கள் வகுப்புக்குத் தெரியும்.

எங்கள் விழாவுக்கு நாற்பத்தொரு கடை ஏறி இறங்கினான். அதில் பதினேழு பேர் பணம் கொடுத்தார்கள், பதினேழு பேருக்கும் விழா முடிந்த வாரத்திலேயே ரசீதும் நன்றிக் கடிதமும் நேரில் கொண்டு போய்க் கொடுத்தான். சாப்பாடு பத்தாமல் போகும் போலத் தெரிந்தபோது தன் டோக்கனையும் வெளியூர்ப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டேன் என்று எங்களிடம் பொய் சொன்னான். முதல் வருஷப் பிள்ளைகள் இருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வவுச்சர் எழுதக் கற்றுக்கொடுத்தான், இந்த வருஷக் கணக்கை அவர்கள்தான் பார்க்கிறார்கள். கடைசியில் 212 ரூபாய் மிச்சம் வந்தது. அதையும் டிபார்ட்மென்ட் கணக்கில் கட்டிவிட்டான்.

இதெல்லாம் நடந்தபோது நான் அங்கே இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்.